சொல் பிறந்த கதை: அலாரம்

விடியற்காலையில் நம் வீடுகளில் முதலில் வாயைத் திறப்பது யார் தெரியுமா? பால்காரர் அல்ல, காக்கையும் அல்ல. அலாரம்தான்! முன்பெல்லாம் அலமாரியின் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்த கடிகாரம் அந்தக் காரியத்தைச் செய்தது. இப்போது தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் கைப்பேசி செய்கிறது. கருவி மாறினாலும் பெயர் மாறவில்லை. "அலாரம் வச்சாச்சா?" என்ற கேள்வி இல்லாமல் இரவில் விளக்கை அணைக்கும் வீடு அபூர்வம்.

இவ்வளவு தூரம் நம்மோடு பழகிவிட்ட இந்தச் சொல்லை ஆங்கில அகராதியில் தேடிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அங்கே அதற்கு இரண்டு முக்கியமான அர்த்தங்கள் போட்டிருக்கும். ஒன்று, எச்சரிக்கை. மற்றொன்று, அச்சம். ஆபத்து வருகிறது என்று மணி அடித்தால் அதுவும் அலாரம். அந்த மணியைக் கேட்டு நெஞ்சு திக்கென்று அடித்துக் கொண்டால் அதுவும் அலாரம்.

யோசித்துப் பாருங்கள். எச்சரிக்கை என்பது நம்மைக் காப்பாற்ற வருவது. அச்சமோ பல சமயங்களில் நம் கையையும் காலையும் கட்டிப் போட்டுவிடுகிறது. மருந்துக்கும் நோய்க்கும் ஒரே பெயரை வைத்தால் எப்படியிருக்கும்? அந்த மாதிரிதான் இருக்கிறது இது! இப்படி ஒரு குழப்பம் எப்படி நேர்ந்தது என்று அறிய, நாம் கொஞ்ச தூரம் பிரயாணம் செய்ய வேண்டும். முதலில் இத்தாலிக்குப் போவோம்.

பழைய காலத்து இத்தாலிய நகரம் ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். சுற்றிலும் மதில். மதிலின் மேல் ஒரு காவல்காரன். தூரத்தில் புழுதி கிளம்புகிறது. பகைவர்களின் குதிரைகள்! காவல்காரன் என்ன செய்வான்? தொண்டை கிழியக் கத்துவான். என்னவென்று? "ஐயோ" என்றல்ல, "ஆபத்து" என்றும் அல்ல. "அல்லார்மே!" என்று கத்துவான். 'அல்லே ஆர்மே' என்ற இரண்டு சொற்கள் ஒட்டிக் கொண்டு உண்டானது அது. 'ஆர்மே' என்றால் ஆயுதங்கள். 'ஆயுதங்களிடம் ஓடுங்கள்! எடுங்கள்!' என்பது பொருள்.

இதைச் சற்று மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். பிறந்தபோது இது ஒரு பொருளின் பெயரும் அல்ல; ஓர் உணர்ச்சியின் பெயரும் அல்ல. ஒரு கட்டளை! 'பகைவன் வந்துவிட்டான்' என்ற செய்திகூட அதில் இல்லை. 'இப்போது நீ செய்ய வேண்டியது இது' என்பது மட்டுந்தான் இருந்தது. பயத்தின் வாடையே அதில் கிடையாது.

இத்தாலியில் பிறந்த இந்தக் கூச்சல் பிரான்சு தேசத்துக்குப் போய் 'அலார்ம்' ஆயிற்று. 14-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தில் காலை வைத்தது. ஆங்கிலேயர்கள் சும்மா இருப்பார்களா? 'ஆல்' என்றால் 'எல்லாரும்', 'ஆர்ம்' என்றால் 'ஆயுதம் எடு'. ஆகவே இது நம் சொந்தச் சொல்தான் என்று எண்ணிச் சிலர் 'ஆல் ஆர்ம்' என்றே எழுதி வைத்தார்கள். வந்த விருந்தாளிக்கு வீட்டுப் பெயரைச் சூட்டிச் சொந்தம் கொண்டாடிய கதைதான்!

அதோடு போயிற்றா? கத்தும்போது ரகரத்தை உருட்டி உருட்டிக் கத்தினார்கள். அதனால் 'அலாரம்' என்றும் ஓர் உருவம் கிடைத்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பழைய பதிப்புகளில், யுத்தக் காட்சி வரும் இடங்களில் மேடைக் குறிப்பாக இந்த உருவம் அடிக்கடி தென்படும். திரைக்குப் பின்னால் முரசும் ஊதுகொம்பும் முழங்க வேண்டும் என்பது அதற்கு அர்த்தம். இன்றைய ஆங்கிலத்தில் அந்த உருவம் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ஆனால் நம் வீட்டுப் பாட்டி "அலாரம் அடிக்கிறதே, எழுந்திரேன்!" என்று சொல்லும்போது ஷேக்ஸ்பியர் காலத்து ஒலியே கேட்கிறது. பாட்டி அதை அங்கிருந்து கற்றுக் கொண்டதாக நினைத்துவிடாதீர்கள். சொல்லின் கடைசியில் இப்படி இரண்டு மெய்கள் ஒட்டி வந்தால் நடுவில் ஓர் உயிரொலியைச் சேர்த்துக் கொள்வது தமிழின் சுபாவம். இரண்டும் ஒன்றாக அமைந்தது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

சரி, பயம் எப்போது உள்ளே நுழைந்தது? 15-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, 'திடுக்கிட்டுக் கலங்கும் நிலை' என்ற அர்த்தத்திலும் ஆங்கிலத்தில் இந்தச் சொல் வழங்கத் தொடங்கிவிட்டது. கூச்சலின் பெயர், கூச்சலைக் கேட்டவனின் மனநிலைக்கும் பெயராகிவிட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. மதிலின் மேலிருந்து எழுந்த கூச்சல் சிப்பாய்களின் காதில் மட்டுமா விழுந்திருக்கும்? அடுப்படியில் இருந்தவள் காதிலும் விழுந்திருக்கும். தொட்டில் குழந்தையின் காதிலும், கோலூன்றிய கிழவரின் காதிலும் விழுந்திருக்கும். சிப்பாய்க்கு அது ஒரு வேலை. ஈட்டி எந்த மூலையில் இருக்கிறது, தான் நிற்க வேண்டிய இடம் எது என்பது அவனுக்குத் தெரியும். ஓடினான், எடுத்தான், நின்றான். பயப்பட அவனுக்கு நேரம் ஏது? மற்றவர்களுக்கோ எடுக்க ஆயுதமும் இல்லை, போக இடமும் தெரியாது. அவர்களிடம் மிஞ்சியது பயம் ஒன்றுதான். கூச்சல் ஒன்றே. செய்ய வேண்டியது தெரிந்தவனுக்கு அது எச்சரிக்கை, தெரியாதவனுக்கு அச்சம்.

இந்தச் சொல்லுக்கு ஒரு சகோதரியும் உண்டு. 'அலர்ட்' என்ற ஆங்கிலச் சொல்தான் அது. மழைக் காலத்தில் 'ஆரஞ்சு அலர்ட்', 'ரெட் அலர்ட்' என்று கேட்கிறோமே, அதேதான். அதுவும் இத்தாலியக் காவல்காரன் வாயில் பிறந்ததே. 'அல்லெர்த்தா' என்றால், 'காவல் மேட்டில் ஏறு! விழித்துப் பார்!' என்று பொருள். மேட்டில் ஏறிப் பார் என்பது முதல் கட்டளை. ஆயுதத்தை எடு என்பது அடுத்த கட்டளை.

'பானிக்' என்று இன்னொரு சொல் உண்டு. கட்டுக்கடங்காத பீதியைக் குறிப்பது. இது இத்தாலியக் காவல்காரன் தந்தது அல்ல. கிரேக்கர்களின் காட்டுத் தெய்வமான பான் என்பவனின் பெயரிலிருந்து வந்தது. ஆட்டுக் கால்களும் கொம்பும் கொண்ட தெய்வம் அவன். தனிமையான காட்டில் காரணம் தெரியாமல் ஏதோ சத்தம் கேட்டு, மந்தையும் மனிதரும் தலைதெறிக்க ஓடினால், அது பானுடைய வேலை என்று கிரேக்கர்கள் சொன்னார்கள். மற்ற இரண்டு சொற்களிலும் ஒரு கட்டளை இருக்கிறது. இதில் கட்டளையும் இல்லை, காரணமும் இல்லை. வெறும் ஓட்டந்தான்!

போர்க்களத்துச் சொல் வீட்டுக்குள் எப்படி வந்தது? கடிகாரத்தின் தோளில் ஏறித்தான் வந்தது. அலாரம் கடிகாரம் என்ற பெயர் 17-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் காணப்படுகிறது. அமெரிக்காவில் கான்கார்டு என்ற ஊரில் இருந்த லெவி ஹட்சின்ஸ் என்ற கடிகாரக்காரர் 1787-ல், தாம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க ஒரு கடிகாரம் செய்து கொண்டாராம். அந்தக் கடிகாரம் நாலு மணிக்கு மட்டுந்தான் அடிக்கும் என்று சொல்வார்கள். மூன்றரைக்கு எழுந்து ரயிலுக்குப் போக வேண்டியவர்கள் பாடு திண்டாட்டந்தான். நல்ல வேளையாக அப்போது ரயில் கிடையாது! நமக்கு வேண்டிய நேரத்துக்குத் திருப்பி வைத்துக் கொள்ளும்படியான கடிகாரத்துக்கு, அந்துவான் ரெதியே என்ற பிரெஞ்சுக்காரர் 1847-ல் உரிமை பெற்றார்.

அப்போதும் ஏழைகள் அதை வாங்க முடிந்ததா? இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் தொழிலாளிகளை எழுப்புவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். நீண்ட கழியால் மாடி ஜன்னல் கண்ணாடியில் தட்டுவார்கள். வாரத்துக்குச் சில காசு கூலி. இந்தத் தொழிலில் பெண்களும் இருந்தார்கள். குழலில் பட்டாணியை வைத்து ஊதி ஜன்னலில் அடித்து எழுப்பியவர்களும் உண்டு! 'எழுந்திரு, வேலைக்குப் போ' என்ற கட்டளையோடு வந்த எச்சரிக்கை ஆதலால், அதைக் கேட்டு யாரும் நடுங்கவில்லை. அலுத்துக் கொண்டதோடு சரி.

நெருப்பு அப்படியல்ல. பழைய நாட்களில் ஊரில் எங்கேயாவது தீப்பிடித்தால் மாதாகோயில் மணியை அடிப்பார்கள். ஊர் முழுவதும் விழித்துக் கொள்ளும். ஆனால் தீ எந்தத் தெருவில்? மணிக்கு அது தெரியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வில்லியம் சானிங் என்ற டாக்டரும், மோசஸ் பார்மர் என்ற பொறியியலாளரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தார்கள். தெருக்களில் பெட்டிகளை அமைத்து அவற்றைத் தந்திக் கம்பியால் தலைமை நிலையத்தோடு இணைத்தார்கள். பெட்டியில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பெட்டியின் எண் தந்தியில் போய்ச் சேரும். 1852-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இது வேலை செய்யத் தொடங்கியது. 'தீ! தீ!' என்ற கூச்சலை, 'இந்த இடத்துக்குப் போ' என்ற கட்டளையாக அந்தப் பெட்டிகள் மாற்றிவிட்டன.

அந்த வசதி இல்லாத இடத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1903-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. சிகாகோ நகரத்தில் இரோகுவா என்ற புத்தம் புதிய நாடகக் கொட்டகை. 'நெருப்பே பிடிக்காது' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். விடுமுறை நாளாதலால் பகல் காட்சிக்குத் தாய்மார்களும் குழந்தைகளுமாகக் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையில் விளக்கிலிருந்து திரைச்சீலையில் தீப்பற்றிக் கொண்டது. கொட்டகையில் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் தரும் பெட்டி இல்லை. வெளியே போகும் வழிகளுக்கு அடையாளம் இல்லை. சில கதவுகள் பூட்டிக் கிடந்தன. சில உள்பக்கமாகத் திறப்பவை. எட்டி பாய் என்ற நகைச்சுவை நடிகர் தீக்கு நடுவே மேடையில் நின்று, பயப்படாதீர்கள், அமைதியாக இருங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக் கொண்டார். தைரியசாலி! ஆனால் 'பயப்படாதே' என்று சொன்னால் மட்டும் போதுமா? எந்தக் கதவு வழியாகப் போவது? 602 பேர் மாண்டார்கள்.

அந்தத் துயரத்திலிருந்து ஒரு நன்மை பிறந்தது. கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி. உள்ளே இருப்பவர் அதன்மேல் சாய்ந்தாலே கதவு வெளிப்பக்கமாகத் திறந்து கொள்ளும். இன்று பெரிய சினிமாக் கொட்டகைகளிலும் கடைத் தொகுதிகளிலும் அதைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அதற்கு 'பானிக் பார்' என்று பெயர். பீதியில் தலைகால் தெரியாமல் ஓடி வருபவனுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது அந்தக் கம்பி.

இவை எல்லாம் காதுக்குக் கேட்கும் எச்சரிக்கைகள். மூக்குக்கு ஓர் அலாரம் உண்டு தெரியுமா? நம் சமையலறையிலேயே இருக்கிறது. காஸ் கசிந்தால் ஒரு கெட்ட நாற்றம் வருகிறதே, அது காஸின் இயற்கையான வாசனை அல்ல. மெர்காப்டன் என்ற வகை ரசாயனத்தை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள்.

இதற்குப் பின்னாலும் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். செலவைக் குறைப்பதற்காக, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வீணாகப் போகும் எரிவாயுவைக் குழாய் போட்டு எடுத்துக் கொண்டார்கள். அதற்கு வாசனை கிடையாது. கட்டடத்தின் அடியில் அது கசிந்து நிறைந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. 1937-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பிற்பகல், பட்டறை ஆசிரியர் ஒரு மின்சார இயந்திரத்தின் ஸ்விட்சைப் போட்டார். அந்தப் பொறி போதுமானதாயிருந்தது. மாண்டவர்கள் ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலோர் குழந்தைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்க்கத்தான் வேண்டும் என்று டெக்ஸாஸில் சட்டம் வந்தது அதன் பிறகுதான். அடுத்த தடவை அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் முகத்தைச் சுளிக்காதீர்கள்; அது காவல்காரனின் குரல்.

எச்சரிக்கை நல்லதென்று சதா காலமும் மணி அடித்துக் கொண்டே இருக்கலாமா? புலி வருகிறது என்று விளையாட்டாகக் கத்திய பையனின் கதை நம் எல்லாருக்கும் தெரியும். நவீன ஆஸ்பத்திரிகளிலும் அந்தப் பையன் இருக்கிறான்! நோயாளியின் அருகில் உள்ள கருவிகள் ஓயாமல் ஒலிக்கின்றன. இவற்றில் 100-க்கு 85 முதல் 99 வரை உடனே சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்று, அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் வெளியிட்ட எச்சரிக்கை கூறியது. கேட்டுக் கேட்டு நர்ஸுகளின் காது மரத்துப் போகிறது. உண்மையான புலி வரும்போது அந்த மணியும் பத்தோடு பதினொன்றாகிவிடுகிறது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, மணிகள் தொடர்பாக அந்த அமைப்புக்கு வந்த 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தவை. நம் ரயில் பெட்டிகளில் தொங்கும் அபாயச் சங்கிலிக்கும் ஆங்கிலத்தில் அலாரம் சங்கிலி என்றுதான் பெயர். காரணமின்றி அதை இழுத்தால் ஓராண்டு வரை சிறைவாசம் அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே உண்டு என்று 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் கூறுவதும் இதனால்தான்.

சும்மாவேனும் ஊரைக் கலக்குகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் 'அலார்மிஸ்ட்' என்று ஒரு பட்டம் உண்டு. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் உண்டான சொல். இன்று அந்தப் பட்டத்துக்குரியவர்கள் நம் கைப்பேசியிலேயே குடியிருக்கிறார்கள். 'அந்த எண்ணெய் விஷம்', 'நாளைக்குப் பூகம்பம்', 'உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறதே! இதைச் சோதிக்க அந்த இத்தாலியக் காவல்காரனிடம் ஒரு வழி இருக்கிறது. இந்தச் செய்தி எனக்கு ஓர் ஆயுதம் தருகிறதா? என்ன செய்ய வேண்டும், எங்கே விசாரிக்க வேண்டும் என்று சொல்கிறதா? பத்துப் பேருக்கு அனுப்புவதைத் தவிர வேறு வேலை எதுவும் அதில் இல்லையென்றால், அது பானுடைய வேலை. அழித்துவிடலாம்.

நாமும் குழந்தைகளிடம் இதே தவற்றைச் செய்கிறோம் என்று சொன்னால் கோபித்துக் கொள்ள மாட்டீர்களே? மாடிப்படியில் குழந்தை இறங்கும்போது, "பார்த்து! விழுந்துடப் போறே!" என்று கத்துகிறோம். குழந்தை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கும். அதிலேயே கால் தடுக்கும். "கண்ணா, கைப்பிடியைப் பிடிச்சுண்டு இறங்கு" என்றால் அதே எச்சரிக்கைதான். பயம் மட்டும் இல்லை. கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. "அம்மா ஊருக்குப் போனால் நீ என்ன பண்ணுவியோ!" என்று மகளை மிரட்டுவதைவிட, இரண்டு குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவது மேல் அல்லவா?

ஆகவே சகோதரிகளே, இன்றே வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். சமையலறைக்கு எல்லாரையும் கூப்பிடுங்கள். பாட்டியையும் பேரனையும் விட்டுவிட வேண்டாம். சமையலறைப் பக்கமே தலைகாட்டாத வீட்டு எஜமானரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். காஸ் நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்பி மூடுவது என்று ஒவ்வொருவரையும் கையால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். விளக்கையோ விசிறியையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். வெளியே போன பிறகு 1906 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். இவ்வளவையும் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பாட்டியின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.